ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

மார்ச் 3, செவ்வாய்

ஆய்வகத்துக்கு இன்று ஒரு மருந்துக் கடைத் தராசு வந்தது. பத்து கிராமுக்கு மூன்று மில்லிகிராம் பொய் சொல்கிறது. சரிசெய்து முத்திரை வைத்தேன். இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் கருவிகள் சொல்லும் பொய்யைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. அந்தத் திறமையை மெச்சித்தான் என்னைவிடப் பத்து வயது இளையவரை எனக்குத் தலைவராக்கினார்கள். சரி, அது ஆறு வருடத்துக்கு முந்தைய பழைய கதை. (பழைய கதை என்று இதோடு மூன்று குறிப்பேடுகளில் எழுதிவிட்டேன்.)

மாலையில் பேச்சுப் பயிற்சி. இவளுக்கு, என் மனைவிக்கு, பக்கவாதம் வந்து தொண்ணூற்றிரண்டு நாள். வலது கை இன்னும் கனம். நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்லத்தான் வாய் வருவதில்லை. "தா, தா", அவ்வளவுதான். முதல் ஆறு மாதத்தில் வருவதுதான் பெரும்பாலும் வரும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பாதி போய்விட்டது.

பயிற்சியாளர் என் மகளைவிடச் சின்னப் பெண். இன்று திடீரென்று கேட்டாள்:

"சார், இவங்க பாடுவாங்களா?"

"பாடிட்டிருந்தா. விட்டுட்டா."

"எப்ப?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

"ஏன் விட்டாங்க?"

பயிற்சி இவளுக்கா எனக்கா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மூளையில் பேச்சு இருக்கும் இடம் வேறாம், பாட்டுக்கான பாதை வேறாம். பேச முடியாத சிலர் பாட்டோடு சேர்த்தால் வார்த்தையைச் சொல்லிவிடுகிறார்களாம். "முன் வாசல் பூட்டிக் கிடக்கு சார். பின் வாசல்ல தட்டிப் பாக்குறோம்" என்றாள். 'தண்ணி வேணும்' என்பதை இரண்டு சுரத்தில் இழுத்துப் பாடிக் காட்டினாள். இவள் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

நான் பாடிக் காட்டினேன். இவள் சிரித்தாள், இடது பக்கம் மட்டும். தொண்ணூற்று நான்கு நாளில் முதல் சிரிப்பு. என் குரலுக்கு அந்தப் பயனாவது இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

இளைய தலைவர் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருக்கிறார். "மனைவிக்குப் போட்டுக் காட்டுங்க சார், 432 ஹெர்ட்ஸ், உடம்பு மனசு ஆன்மா மூணுக்கும் நல்லது." அளவீட்டு ஆய்வகத்தின் தலைவர்! உலகம் வழக்கமாக 440-இல் சுருதி சேர்க்கிறதாம், அதனால்தான் எல்லோருக்கும் படபடப்பாம். எட்டு அதிர்வு குறைத்தால் உடம்பில் உள்ள நீரெல்லாம் மகிழ்கிறதாம். நீர் மகிழ்வதை எந்தக் கருவியில் அளந்தார்கள் என்று மூன்று மணி நேரம் தேடிப் படித்தேன். கிடைக்கவில்லை. ஆனாலும் மூன்று மணி நேரம் படித்தேன், அதையும் குறித்து வைக்க வேண்டும்.

போட்டுப் பார்த்தேன். இவள் தூங்கிவிட்டாள். நானும்.

மகள் தொலைபேசியில்: "அத்தையக் கூப்பிடுங்கப்பா. அம்மாவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவங்க அவங்கதானே."

மாட்டேன். அப்பா இறந்த அன்று, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்க, அக்கா என் முகத்துக்கு நேரே சொன்னாள்: "நீ மனுஷன் இல்லடா, மீட்டர்." அன்றிலிருந்து சித்தப்பா வீட்டுப் பேரன்வரை எனக்கு அதுதான் பெயர். இந்த வீட்டில் இனி பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டேன். அக்கா இவளுக்குக் கொடுத்திருந்த சுருதிப் பெட்டியை, பாடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரே சுரத்தில் ரீங்கரித்துக்கொண்டிருக்குமே அந்த மின்சாரப் பெட்டியை, பொட்டலம் கட்டி அவளுக்கே திருப்பி அனுப்பினேன். இவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

சக்கர நாற்காலி நேற்று வந்தது. இன்று காலை முதன்முறையாக இவளைச் சமையலறைவரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் பால் காய்ச்சினேன். முதுகுக்குப் பின்னால் ஒரு முனகல். வலி என்று நினைத்துத் திரும்பினால்—ஸ... ரி... க... படிப்படியாக ஏறுகிறது, இறங்குகிறது. கண் மூடியிருக்கிறது. நான் பயிற்சியாளர் சொன்னபடி மெதுவாக 'தண்ணி' என்று எடுத்துக் கொடுத்தேன், அடித்தொண்டையில். இவள் என்னைத் திருத்துவதுபோல் சரியான இடத்தில் வைத்துப் பாடினாள்:

"தண்ணி... வேணும்."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

சமையலறையில் வருகிறது. கூடத்தில் வருவதில்லை. பயிற்சியறையில் சுத்தமாக இல்லை. அந்தப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். நான் கற்பனை செய்வதாக நினைக்கிறாள்போல!

சமையலறையிலும் எப்போதும் வருவதில்லை என்பதுதான் வேடிக்கை. இன்று மட்டும்: 7.10 பாடினாள். 7.30 வாயே திறக்கவில்லை. 7.50 பாடினாள், 'பசிக்குது' என்ற புது வார்த்தையோடு. 8.15 இல்லை. என்ன மாறுகிறது? வெளிச்சமா? பசியா? காபி வாசனையா? ஒரே ஆள், ஒரே இடம். ஒரு கருவி இப்படி விட்டு விட்டு வேலை செய்தால் எங்கோ ஓர் இணைப்பு ஆடுகிறது என்று பொருள். அந்த இணைப்பு எங்கே?

ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு கேள்வி என்னைக் காலையில் எழுப்புகிறது. வழக்கமாக எழுப்புவது கோபம்தான்.

மார்ச் 17, செவ்வாய்

நோயாளியைச் சுற்றி இரைச்சல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் பயிற்சியாளர். வீட்டில் இரைச்சல் என்றால் அது சமையலறைக் கிழட்டு ஃபிரிட்ஜ்தான். பத்தொன்பது வருடம் ஆகிறது. ஓட ஆரம்பித்தால் பக்கத்து அறை ஜன்னல்வரை அதிரும். இன்று சத்தமே இல்லாத புதியது ஒன்றை வாங்கிவிட்டேன். இவள் மதியம் தூங்கும்போதே மாற்றியாகிவிட்டது. பழையதை, பல வருடமாக வீட்டு வேலைக்கு வந்து இப்போது பகலில் இவளைப் பார்த்துக்கொள்ளும் பெண் தனக்கு வேண்டும் என்றாள். எடுத்துப் போகட்டும். வீடு கோயில்போல அமைதியாக இருக்கிறது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

மார்ச் 19, வியாழன்

இரண்டு நாளாக ஒரு சுரம்கூட இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

இல்லை. சமையலறைக்குள் தள்ளிப் போனாலே புது ஃபிரிட்ஜின் கதவை இடது கையால் அடிக்கிறாள். "தா, தா, தா." தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், தள்ளிவிட்டாள். பழம் கொடுத்தேன், கீழே போட்டாள். பிறகு அழுகை. என்னடி வேணும், என்னதான் வேணும் உனக்கு என்று கத்திவிட்டேன். கேட்கிறவனுக்குப் புத்தி இருந்தால் சொல்ல வாயில்லாதவளிடம் கேட்பானா?

மருத்துவரிடம் கொண்டு போனேன். புதிதாக எந்த அடைப்பும் இல்லை என்றார். "ஏற்ற இறக்கம் இருக்கும்." எல்லாவற்றுக்கும் பொருந்தும் வாக்கியம். முத்திரை வைத்துக் கொடுத்துவிடலாம்.

மார்ச் 24, செவ்வாய்

அக்காவைக் கூப்பிட்டேன்.

"யாரு?"

"நான்தான்."

"மீட்டரா?"

வைத்துவிட நினைத்தேன். "அவளுக்குப் பாட்டு வந்துச்சு, போயிடுச்சு. நீ வந்து பாக்க முடியுமா?"

"பதினோரு வருஷம் கழிச்சு, நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்குறியா பாரு."

"நல்லா இருக்கியா?"

"இப்பக் கேட்டு என்ன. சனிக்கிழமை வர்றேன், போ."

மார்ச் 28, சனி

வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி, என்னைத் தாண்டி நேராக இவளிடம் போனாள். இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார்கள். நான் தேநீர் போடுவதாகச் சொல்லி எழுந்து போனேன். போடவில்லை.

பையிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்தாள். அடையாளம் தெரிந்தது. நான் பொட்டலம் கட்டி அனுப்பிய அதே பெட்டி. குமிழுக்குப் பக்கத்தில் இவள் பென்சிலால் போட்ட கோடு இன்னும் இருக்கிறது, ஐந்து கட்டை என்ற சுருதி அளவில். இவள் குரலுக்கு அந்த அளவுதான் என்று அக்கா அப்போதே முடிவு செய்திருந்தாள்.

பெட்டி ரீங்கரித்தது. இவள் நிமிர்ந்தாள்! வாயைத் திறந்தாள், ஸ என்று ஆரம்பித்தாள். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு நிறுத்தினாள், செருப்பு கடித்ததுபோல. மறுபடியும் அதேதான். அக்கா அரைக் கட்டை ஏற்றி வைத்தாள். இவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"என்னடா இது? அஞ்சுதான் அவளுக்கு. நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

"சுருதியாவது ஒண்ணாவது. ஒரு பெட்டி சத்தத்துல மூளை சரியாயிடுமா?"

அக்கா பெட்டியை நிறுத்தினாள்.

"என் பாட்டுதான் அப்பாவக் கொன்னுச்சுன்னு ஊர் முன்னாடி சொன்னவன் நீ. பாட்டு ஆளக் கொல்லும்னா நம்புவ. பேச வைக்கும்னா மட்டும் நம்ப மாட்ட, இல்ல?"

ஆமாம், சொன்னேன். மீட்டர் என்று அவள் சொன்னதற்கு முந்தைய வரி அது. எத்தனையோ தடவை இந்தக் கதையை எழுதியிருக்கிறேன், அந்த வரியை எழுதியதே இல்லை.

மருத்துவமனையில் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து அக்கா மெல்லப் பாடினாள். திரையில் நாடித்துடிப்பு 118. நிறுத்து, அவருக்குப் படபடப்பாகிறது என்று நான் தடுத்தேன். மாலை ஆறு இருபதுக்குப் போய்விட்டார். நூற்றுப் பதினெட்டு. அந்த எண்ணைத்தான் பதினோரு வருடமாகக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

இதை எப்படி எழுதுவது.

மாலை வீடு திரும்பியதும், பகலில் வரும் பெண்ணிடம் மரியாதைக்குக் கேட்டேன், "ஃபிரிட்ஜ் ஓடுதா?"

"சூப்பரா ஓடுது சார். என்ன, உறுமல்தான் தாங்கல. எங்க வீட்டுக்காரர் காதுல பஞ்சு வெச்சுட்டுத் தூங்குறாரு. அம்மா எப்படித்தான் அது கூடப் பாடினாங்களோ!"

"என்ன சொன்ன?"

"அம்மாதான் சார். நீங்க ஆபீஸ் போனதும் ஃபிரிட்ஜ் பக்கத்துல முக்காலியப் போட்டு உக்காந்துடுவாங்க. அது ஓடுற வரைக்கும் பாட்டு. அது நின்னா இவங்களும் நிறுத்திட்டுக் காய் நறுக்குவாங்க. மறுபடி ஓடினா மறுபடி பாட்டு. நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து பாக்குறேன்."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வேண்டாம் என்பதுபோலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டேன். ஆமாம், தினமும் கேட்குமே, நல்ல குரல் என்றார். எதிர்வீட்டம்மாவுக்கும் தெரியும். தபால்காரருக்கும் தெரிந்திருக்கும். ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்குத் தெரியாது.

7.10 பாடினாள், 7.30 இல்லை. ஃபிரிட்ஜ் ஓடும், நிற்கும், ஓடும். ஆடிய இணைப்பு அது. அதைத்தான் நான் என் கையாலேயே எடுத்து வெளியே அனுப்பிவிட்டு, வீடு அமைதியாக இருக்கிறது என்று இதே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். கோயில்போலவாம்.

மார்ச் 31, செவ்வாய்

தலைவரிடம் ஒலியின் அதிர்வெண் அளக்கும் கருவியை இரவல் கேட்டேன். மறுப்பார், நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராகப் போயிருந்தேன். "எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்கோங்க சார். அம்மா எப்படி இருக்காங்க?" என்றார். இந்த மனிதர் ஒருவனைச் சரியாகக் கோபப்படக்கூட விடமாட்டார்.

ஏப்ரல் 1, புதன்

அந்தப் பெண்ணின் வீடு. ஒரே அறை, அதில் பாதி எங்கள் ஃபிரிட்ஜ். தரையில் உட்கார்ந்து ஒலிவாங்கியை அதன் முதுகோரம் வைத்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று மனைவியிடம் கேட்டார்: "ஃபிரிட்ஜுக்கு ஈசிஜி எடுக்குறாரா?"

திரையில் மூன்று முனைகள்: 100, 200, 300 ஹெர்ட்ஸ். இருநூறில் நல்ல உயரமான முனை.

வியப்பில்லை. இங்கே வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை போய்த் திரும்புகிறது. அதன் இரட்டிப்பும் நாலு மடங்கும் இப்படிக் கருவிகளின் வயிற்றில் ஒலிக்கும். வேறு மின்சாரம் உள்ள ஊரில் வேறு எண்ணாக இருக்கும். பிரபஞ்ச ரகசியம் எதுவும் இல்லை.

ஆனால் கணக்கைப் பார்: ஐந்து கட்டை என்றால் 196 ஹெர்ட்ஸ். ஐந்தரை என்றால் சுமார் 208. இருநூறு இரண்டுக்கும் நடுவே விழுகிறது. எந்தப் பெட்டியிலும் எண் போடாத இடம். அக்கா கற்றுக்கொடுத்த சுருதியிலிருந்து மெல்ல நகர்ந்து, பதினோரு வருடம் தினமும் அங்கே போய் உட்கார்ந்து பழகியிருக்கிறாள். அதனால்தான் ஐந்து கட்டை கடித்தது! அது அவளுக்கு இப்போது அபசுரம்.

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டவன் நான். அவள் சண்டை போடவில்லை. இருப்பதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

ஏப்ரல் 4, சனி

அக்கா பெட்டியோடு வந்தாள். பெரிய குமிழுக்குக் கீழே நுட்பமாக ஏற்றி இறக்க ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. கருவியைப் பார்த்துக்கொண்டே நகர்த்தினேன். 196... 198... 199.6... 200.

இவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் இறங்கியது. நான் பார்த்தேன். வலது தோளும்தான். பிறகு பாடினாள், படுக்கையறையில், ஃபிரிட்ஜ் இல்லாமல், சமையலறை இல்லாமல். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அழுது முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, முறையாகச் சோதிக்க வேண்டும் என்றேன். "ஆரம்பிச்சுட்டான்" என்றாள் அக்கா. ஆனால் ஒத்துழைத்தாள். சுருதி எழுதிய ஒன்பது சீட்டைக் குலுக்கி எடுப்பது: மூன்று அளவு, அளவுக்கு மூன்று. எந்தச் சீட்டு வந்தது என்று அக்காவுக்குச் சொல்லாமல் நான் வெளியே இருந்து பெட்டியை வைப்பேன். பாடினாளா இல்லையா என்று அவள் உள்ளே குறிப்பாள்.

இருநூறு: மூன்றுக்கு மூன்று. ஐந்து கட்டை: இரண்டு முறை ஆரம்பித்து விட்டுவிட்டாள். ஐந்தரை: இல்லவே இல்லை.

ஒரே ஆளை வைத்துச் செய்தது சோதனையே ஆகாது, தெரியும். சுருதி மூளையைத் தொடுகிறதா, பழக்கம் தொடுகிறதா? தனியாகப் பாடிய காலைகளின் ஞாபகமா? உடம்பா, மனசா, தலைவர் சொல்லும் அந்த மூன்றாவதா? பிரித்து அளக்க என்னிடம் கருவி இல்லை. யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் நான்கு அதிர்வு வித்தியாசத்தில் ஒருத்திக்கு வாய் திறக்கிறது, மூடுகிறது. அதை நான் பார்த்தேன். என் கையெழுத்தில் இருக்கிறது.

இவள் விரலில் மாட்டியிருந்த நாடி பார்க்கும் கவ்வியை நான் ஓயாமல் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, அக்கா அதைக் கழற்றி என் விரலில் மாட்டிவிட்டாள். "எப்பவும் அடுத்தவங்களையே அளக்காத." 91. இவள் பாடிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 76.

91, 76. இறங்குகிறது. அப்படியென்றால் அப்பாவுக்கு மட்டும் ஏன்—

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் முதல் வேலையாகப் பரணிலிருந்து பதினோரு வருடத்துக்கு முந்தைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அப்பாவின் கடைசி வாரம் முழுக்க, மணிக்கு மணி எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான்.

"3.40 — 126. அக்கா வந்து பாட ஆரம்பித்தாள்.
3.55 — 118. நிறுத்தச் சொன்னேன்.
4.15 — 129."

அவ்வளவுதான். அதற்குக் கீழே அன்றைக்கு வேறெதுவும் இல்லை.

மூன்று எண் எழுதியிருக்கிறேன். நடுவில் இருந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மருந்துக் கடைத் தராசு மூன்று மில்லிகிராம்தான் பொய் சொன்னது.

ஏப்ரல் 8, புதன்

பயிற்சியறையில் பெட்டியோடு பாடினாள். நான்கு வாக்கியம். அந்தப் பெண் துள்ளிக் குதித்தாள். "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" ஃபிரிட்ஜ் என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இவளிடம் கேட்டேன்: "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்னையே பார்த்தாள். பிறகு இடது கையால் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். தப்பான துளையில் போட்டிருந்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்கா வந்தாள். இந்த முறை முதலில் தண்ணீர் கொடுத்தேன், நல்லா இருக்கியா என்று கேட்டேன். சந்தேகமாகப் பார்த்தாள். சமையலறை மேசையில் பழைய குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். மூன்றே வரிதான். வெகு நேரம் படித்தாள்.

"இறங்கித்தான் இருக்கு" என்றாள்.

"ஆமா."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"எழுதினது நான்தான். படிக்கல." பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள்.

அவள் குறிப்பேட்டை மூடி, அட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்து, என் பக்கம் நகர்த்தினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"எட்டு நிமிஷமாவது பாடியிருப்பேன்" என்றாள்.

"பதினஞ்சு நிமிஷம்."

"சரிடா மீட்டர். காபி போடு."

பாலை அடுப்பில் வைத்தேன். சத்தமே இல்லாத புது ஃபிரிட்ஜ். சுருதிப் பெட்டி உள்ளறையில் அணைந்து கிடந்தது. கூடத்திலிருந்து சக்கர நாற்காலி உரசும் ஓசை வந்தது, கூடவே இரண்டு சுரத்தில், கொஞ்சம் அதட்டலாக:

"எனக்கும்... வேணும்."

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த வாக்கியத்தை நாங்கள் பழக்கவே இல்லை.

எத்தனை ஹெர்ட்ஸ் என்று தெரியாது. கருவியை நாளை தலைவரிடம் திருப்பிக் கொடுப்பதற்காக நேற்றே அதன் உறைக்குள் வைத்து மூடிவிட்டேன். பிரித்து எடுத்திருக்கலாம். மூன்றாவது டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தேன்.